பின்கதவுக்கு உள்ளே கைப்பிடி இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அண்ணன், அண்ணி, குழந்தை மூவரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்தோடு தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதிய வரிசையில் உன் அம்மாவைக் காணோமே என்று நீ இந்நேரம் திரும்ப ஒருமுறை படித்திருப்பாய். கை தவறி விட்டுப்போனதல்ல. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கோபப்படாதே. போன ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தேன், நீ அப்பா என்று கூப்பிட்டதும் தண்ணீர் மோட்டார் ரிப்பேர், குழந்தைக்கு முன்பல் விழுந்தது என்று எதையோ உளறிவிட்டு ஓடிவிட்டேன். காகிதத்தில் என்றால் பாதியில் ஓட முடியாது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படிக்காதே.

ஆறு மாதத்துக்கு முன்னால் அம்மாவுக்கு முதுகுவலி, தைலம் தேய்த்தால் போய்விடும் என்று உன்னிடம் சொன்னோம் இல்லையா, அது தைலத்துக்கு அடங்குகிற வலி இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். மார்பில் ஆரம்பித்தது முதுகெலும்புவரை போய்விட்டது, இனி அறுவை செய்து பிரயோசனம் இல்லை, வலிக்கு மாத்திரை தரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். எத்தனை நாள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, உன் அம்மாதான் கத்தரிக்காய் என்ன விலை என்கிற மாதிரி கேட்டாள். எட்டு மாசம், ஒன்பது மாசம்னு வெச்சுக்குங்க என்றார். அதில் ஆறு போய்விட்டது. உன் வேலை நிரந்தரமாகிற வரை உன் காதுக்கு இது போகக் கூடாது என்று என்னிடமும் உன் அண்ணனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள், அடுத்த வருஷ லீவில் அவள் வரும்போது நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள், என்னமோ அதுவரை இருப்பது இவள் கையில் இருக்கிற மாதிரி. நீ வீடியோவில் பேசும் நேரத்துக்கு அரைமணி முன்பே மாத்திரை போட்டு, தலையணையை முட்டுக் கொடுத்து, வெளிச்சம் முதுகுப் பக்கம் வரும்படி உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் நீ, அம்மா நீ இளைச்சு அழகாயிட்டே என்றாய். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் ஷெட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் உன் மாமா இறந்தது உனக்குத் தெரியும். அவருடைய பழைய சவ வண்டி கறுப்பியையும் உனக்கு ஞாபகம் இருக்கும், மூன்று பக்கம் கண்ணாடி, மூலைக்கு மூலை கடைசல் தூண், முன்னால் பித்தளை விளக்கு இரண்டு, சின்ன வயதில் நீ கிட்டப் போகப் பயந்து அழுவாயே அந்த வண்டிதான். உன் அம்மாவின் அப்பா கடைசியாகப் போனதும் அதில்தான். மாமாவின் பிள்ளைகள் இந்தத் தொழில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள், பழைய இரும்புக்காரனைக் கூட்டிவந்து காட்டிவிட்டார்கள். அது தெரிந்ததும் உன் அம்மா டீயை ஆற்றிக்கொண்டே, "என்னங்க, எனக்கு அந்த வண்டிதான் வேணும், போய் எடுத்துட்டு வாங்க" என்றாள், புடவை கேட்கிற மாதிரி. எனக்கு வந்ததே கோபம். இரண்டு வேன் வைத்திருக்கிறேன், ஏசி போட்டது, ஊரே அதில்தான் போகிறது, உனக்கு மட்டும் ஆகாதா என்று கத்தினேன். "உங்க வேனு பால் வண்டி மாதிரி இருக்கு, அதுல நான் வர மாட்டேன்" என்றாள். வருவதாவது போவதாவது என்று கத்திவிட்டு, பிறகு நான்தான் அழுதேன். அதோடு நிற்கவில்லை, தானும் கூட வந்து, செத்துப்போன தன் அண்ணன் வீட்டை ஒருதடவை பார்த்துவிட்டு, அதிலேயே எங்களோடு ஊர் திரும்ப வேண்டுமாம். டாக்டரம்மாவும் ஆசைப்படறாங்க, கூட்டிட்டுப் போங்க என்றுவிட்டார்.

போகும்போது ரயிலில் கீழ்ப் படுக்கை போட்டு அவளைப் படுக்கவைத்துக் கூட்டிப்போனேன். உன் அண்ணனும் அண்ணியும் காரில் வந்தார்கள், குழந்தையை அண்ணியின் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். கறுப்பியை ஓடவைக்க ஒருநாள் ஆயிற்று, கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு. அதுவும் மணிக்கு நாற்பதுக்கு மேல் போனால் உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆக மூன்று நாள் பயணம். முதல் நாள் அம்மா காரில் உட்கார்ந்து வந்தாள், மதியத்துக்குள் முகம் வெளுத்துவிட்டது. உட்காரவும் முடியவில்லை, சீட்டில் காலை மடக்கிப் படுக்கவும் முடியவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தாள். "பின்னாடி ஆறடிக்கு நீட்டமா இடம் சும்மா வருது, நான் அதுல படுத்துக்கறேன்" என்றாள். உனக்குத் தெரியும், எங்கள் தொழிலில் உயிரோடு இருக்கிறவர்கள் சவப்பெட்டி வைக்கும் அந்த மேடையில் படுக்கக் கூடாது. துடைக்க ஏறினால்கூட முட்டி போட்டுத்தான் ஏறுவோம். முடியவே முடியாது என்றேன். "நாப்பது வருஷமா உங்க சட்டமெல்லாம் கேட்டுட்டுத்தானே இருக்கேன், இன்னிக்கு முதுகு கேக்க மாட்டேங்குது" என்றாள். மெத்தையை விரித்து, பெட்டி நகராமல் இருக்க வைக்கும் கட்டைகளை அவள் இரண்டு பக்கமும் நானே மாட்டினேன். அந்தக் கை என்னுடைய கை மாதிரி இல்லை.

அவளுக்கோ ஒரே கும்மாளம். வழியெல்லாம் ஜனங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள், தலைத்துண்டை அவிழ்க்கிறார்கள், இவள் உள்ளே படுத்தபடி மகாராணி மாதிரி கையை ஆட்டுகிறாள். சைக்கிளில் பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கிக்கொண்டு வந்த ஒருவன் கை அசைவதைப் பார்த்துவிட்டு நேராக வேலிக்குள் போய்விட்டான். சிரித்துச் சிரித்து அவளுக்கு வலியே வந்துவிட்டது. என் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் இருக்கும் சின்னக் கண்ணாடியைத் தட்டித் தட்டி என்னோடு பேசினாள், கல்யாணமான புதிதில் பேசினதற்குப் பிறகு அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நான் சாலையைப் பார்த்தபடி பதில் சொன்னேன். திரும்பவில்லை. ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டால் ஓட்டுகிறவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை, ஹாரன் அடிப்பதில்லை, இது எங்களுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. பின்னால் இருக்கிறவருக்கு இனிமேல் எதுவும் வேண்டியிராது, நீ உன் சாலையைப் பார் என்பதுதான் அதன் அர்த்தம்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் நாள் காலையில் வலி அதிகமாகி, இரட்டை மாத்திரை போட்டுக்கொண்டு அம்மா தூங்கிவிட்டாள். ஃபேன் பெல்ட் பிய்கிற நிலைமையில் இருந்ததால் வேறு வாங்கிவர உன் அண்ணனும் அண்ணியும் காரில் முன்னால் போனார்கள், ஒரு சாப்பாட்டுக் கடையில் வந்து சேருவதாகப் பேச்சு. நாலு மணி நேரம் ஓட்டினேன். பின்னால் ஒரு சத்தம் இல்லை. அந்த நிசப்தத்தில்தானே நான் நாற்பது வருஷம் வேலை செய்திருக்கிறேன், உடம்பு அதன் போக்கில் பழைய வழிக்குப் போய்விட்டது. கடை வந்ததும், சாப்பிடுகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று வழக்கம்போல வண்டியைத் தள்ளி, சுவரைப் பார்க்க நிறுத்தினேன். வழக்கம்போல இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். கடைக்காரர் அந்தக் காலத்து என்ஜின் பற்றி விசாரித்தார், நானும் பெருமையாக எலிக்கூட்டுக் கதையெல்லாம் சொன்னேன். நிறுத்தும்போது இருந்த நிழல் நகர்ந்துவிட்டது. மூன்று பக்கமும் கண்ணாடி, ஒன்றும் திறக்காது. பின்கதவுக்கு வெளியேதான் கைப்பிடி, உள்ளே கிடையாது, உள்ளே யாருக்கு வேண்டும்.

கை கழுவப் போன ஒரு லாரி டிரைவர் கிட்டப் போய்ப் பார்க்கப் பயந்து, ஈரக் கையோடு ஓடிவந்து, "ஐயா, அந்தக் கறுப்பு வண்டி உங்களுதா? உள்ள தட்டுதுங்க!" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா. இந்தப் பயத்தை ஆயிரம் பேரிடம் பார்த்தவன் நான். மேடு பள்ளத்துல வந்த வண்டி, வெயில்ல மரம் முறுக்கும், கட்டை நகரும், ஒண்ணும் இல்ல, உக்காந்து சாப்பிடுங்க என்று கையமர்த்தி எல்லோரையும் உட்காரவைத்தேன். வைத்துவிட்டு இன்னும் இரண்டு கவளம் சாப்பிட்டேன். மகளே, இரண்டு கவளம். மூன்றாவதை எடுக்கும்போதுதான் பின்னால் இன்றைக்குப் பெட்டி இல்லை என்று உறைத்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. எழுந்து உட்கார்ந்து கண்ணாடியில் சாய்ந்திருந்தாள், உதடெல்லாம் வெடித்து, விரல் முட்டிகள் தோல் உரிந்து. "வந்துட்டீங்களா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

லாரி டிரைவரும் நானுமாகத் தூக்கி மரத்தடியில் கிடத்தினோம், அவர்தான் தன் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டார். அரை மணி கழித்துத்தான் அவளுக்குப் பேச வந்தது. நான் பெரிதாக ஏதோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அதைக் காதிலேயே வாங்கவில்லை. "உள்ளேயிருந்து தட்டி யாருக்கும் கேக்கலேன்னா எப்படி இருக்கும்னு பாத்துட்டேங்க. நாளைக்கு நம்ம பொண்ணு அவ்வளவு தூரத்துலேருந்து ஓடிவந்து வெளிய நின்னு தட்டுவா, அப்ப எனக்குக் கேக்காது. அந்தப் பாவம் எனக்கு வேணாம். அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள். சத்தியத்தை அவளே எடுத்துவிட்டாள். பெல்ட்டோடு வந்த உன் அண்ணன் விஷயம் தெரிந்ததும் நடு ரோட்டில் என்னைப் பார்த்து, நீ அம்மாவ இப்பவே கணக்கு முடிச்சிட்டியா என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து ஒன்பது நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரை வாங்கிவந்தால்கூட அண்ணியிடம் கொடுத்து, அவரிடம் கொடு என்கிறான். நீ அவனுக்குப் போன் செய்தால் என் பக்கம் பேச வேண்டாம், அவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொள், அவனும் யாரிடம்தான் அழுவான்.

ஊர் வந்த மறுநாளே வெல்டரைக் கூப்பிட்டுக் கறுப்பியின் பின்கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி வைத்துவிட்டேன். சவ வண்டிக்கு உள்ளே கைப்பிடியா என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போட்டுக் கொடுங்கள் என்றேன். வண்டி ஷெட்டில் நிற்கிறது. உன் அம்மா அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை, முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டிருக்கிறோம். கஞ்சி இரண்டு கரண்டி போகிறது. பேச்சு மட்டும் குறையவில்லை, நான் சலவைத் துணியை மடிப்பது சரியில்லை என்று இப்போதுதான் திட்டினாள்.

அதனால் அடுத்த வருஷ லீவெல்லாம் வேண்டாம். ஆபீஸில் உள்ளதை உள்ளபடி சொல். வேலை போனால் போகட்டும், எங்கள் செலவுக்கு நீ அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. வரும்போது அதையும் இதையும் வாங்கிச் சுமந்து வராதே, மெத்தென்று ஒரு சின்னத் தலையணை மட்டும் கொண்டுவா, கழுத்துக்கு வைக்க. அவளைப் பார்த்ததும் முகத்தில் காட்டிக்கொள்ளாதே என்று சொல்ல மாட்டேன், அது யாராலும் ஆகாது, அழ வேண்டுமென்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழு. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்ற சண்டையை மட்டும் என்னோடு வைத்துக்கொள், அவளிடம் வேண்டாம். என்றைக்கு வருகிறாய் என்பதை எனக்குச் சொல்லாமல் அவளுக்கே போன் செய்து சொல், அந்தச் சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கட்டும். மறந்துவிடாதே.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் நினைக்கிறோம், எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். என் தொழிலில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன், விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டி படுக்கையோடு நேராக என் வண்டிக்கு வந்து, ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கள் என்று என் கையைப் பிடிப்பார்கள். நானும் துணியை விலக்கிக் காட்டிவிட்டு, அவர்கள் பார்க்கும்வரை வேறு பக்கம் திரும்பி நிற்பேன். உனக்கு அதைச் செய்ய என்னால் முடியாது அம்மா. உடனே கிளம்பு.

இப்படிக்கு,
உன் அப்பா