ஆழம் ஒன்று

ரஞ்சித், நைனாவை பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். பேசுகிறார், பயப்படாதே. இடது தோள் மூட்டு இறங்கிவிட்டது.

முகத்துவாரத்தில் மணல் மேடேறியிருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு, நீ வேலைக்குப் போகும்முன் "ஆழம் 1" என்று எழுதி வைத்தாயே, ஒன்று என்றால் என்னடா? ஆழம் பார்க்கிற உன் கருவி காட்டியது மீட்டர், மூன்றடி சொச்சம். நைனாவுக்கு ஆழம் என்றால் பாகம், இரு கையையும் விரித்த அளவு. ஆறடித் தண்ணீர் என்று நம்பி வேகமாக விட்டார். படகு மணலில் தட்டிக் கவிழ்ந்துவிட்டது. பக்கத்துப் படகிலிருந்த குப்பன் மாமா இழுத்துப் போடாவிட்டால்...

இத்தனை படித்தாய். படிக்கிறவர் யார் என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லையே.

சோறு இருக்கிறது, இறால் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு வா. நைனாவுக்கு வேட்டி இரண்டு, துண்டு ஒன்று எடுத்து வா.

- கீதா அக்கா

ஆட்டோ வந்துவிட்டது. நைனா உள்ளே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்: "அவன் சரியாதான் எழுதியிருப்பான், எனக்குதான் படிக்கத் தெரில. இன்னா ஆச்சுன்னு அவன்கிட்ட சொல்லாத."