ஸ்குரூவுக்கு நாலு போட்டோ, மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை

என் தங்கையைக் கட்டிய புண்ணியவானே, மாப்பிள்ளை சேகரு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன்னை ஐஸ் பெட்டியில் படுக்க வைத்திருந்தபோது மூடியைத் தூக்கி உன் கையைப் பிடித்தேன் இல்லையா, அது பாசத்தால் இல்லை. உன் பெருவிரலை உன் போனில் வைத்து அழுத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதும் இல்லை. செத்தவன் விரலுக்குப் போன் திறக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? பின்னால் நின்ற பெண்கள், "மச்சானுக்கு இன்னா பாசம் பாரு, கைய வுடமாட்டேன்றாரு" என்று இன்னொரு சுற்று அழுதார்கள். நானும் சேர்ந்து அழுதேன். வேறு வழி?

உன் அஞ்சலி பேனருக்கு ஒரு படம் வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கூத்து. கடைசியில் என் தங்கை வசந்தாவே வந்து, திரைப் பூட்டுக்கு நீ விரலால் இழுக்கும் கோட்டை இழுத்துத் திறந்து கொடுத்தாள். உள்ளே பார்த்தால் ராக்கெட்டு. அடுத்தது ராக்கெட்டு. வெள்ளைச் சட்டையில் மிதக்கிற ஆள், தண்ணீர்த் தொட்டியில் பழகுகிற ஆள், சாக்குப் பைக்குள் நின்றபடியே தூங்குகிற ஆள். உன் படம் ஒன்றுகூட இல்லை. என் தங்கை படமும் இல்லை, அதை அவள் கவனித்துவிட்டாள், உன் நல்ல நேரம் நீ பெட்டிக்குள் இருந்தாய்.

நம் பிழைப்பு தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் பாய் நடத்தும் பேனர் கடை. அங்கே நீ பேனர் டிசைன் செய்தாய், நான் அதைச் சவுக்குக் கட்டையில் கட்டினேன். சாவுக்குக் கொண்டுவருகிற படத்தில் தலை ஒழுங்காக இருந்தால் உடம்பில் பனியன் இருக்கும். வீட்டுக்காரர்கள் கோட்டு கேட்பார்கள். அதற்காக ஒரு நாள் பாயின் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்று, கழுத்துக்குக் கீழே மட்டும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாய். அன்றிலிருந்து அடையாறு முதல் தி.நகர் வரை செத்த ஆம்பளைகளுக்கெல்லாம் உன் உடம்புதான். தலை மட்டும் அவரவருடையது.

உன் தலையை மட்டும் நீ கொடுக்கவே இல்லை. "என் மூஞ்சி இந்தக் கம்ப்யூட்டர்ல ஏறிச்சுன்னா ஒரு நாளு கீழ ரோஜாப்பூ வெச்சு பிரிண்ட்டாயி வந்துரும் மச்சான்" என்பாய். எந்த விசேஷத்திலும் கேமராவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாய். போட்டோ இல்லாதவனை எமன் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பான் என்று கணக்குப் போட்டாயா? அவன் விலாசம் விசாரித்துக்கூட வரவில்லை, நேராகக் கடைக்கே வந்தான். மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்றாய், வாயு என்றாய், பன்னீர் சோடா கேட்டாய். நான் வாங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திறந்த சோடாவை என்ன செய்வது? சாயங்காலம் நானே குடித்தேன்.

அந்த அமெரிக்க விண்வெளிக்காரர்கள் இன்டர்நெட்டில் வைத்திருக்கும் போட்டோக் கிடங்கைப் பற்றி நீ பேச ஆரம்பித்தால் பாய் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாலும் முடித்திருக்க மாட்டாய். "காசு இல்ல மச்சான், யாரையும் கேக்கவும் வேணாம். உலகத்துக்கே தொறந்து வுட்டுக்கிறான். ஒரு ஸ்குரூவுக்கு நாலு போட்டோ கீது." சாப்பிட்ட ஸ்பூனுக்குப் படம், கழற்றி வைத்த கையுறைக்குப் படம். அதையெல்லாம் இறக்கி நம் ஜனங்களுக்குப் பின்னால் ஒட்டினாய். மஞ்சள் நீராட்டுப் பெண்ணுக்குப் பின்னால் பூமி உதித்தது. வளையம் போட்ட கிரகம் லட்சணமாக இருக்கிறது என்று ஒரு கல்யாண பேனரில் போட்டாய். அது சனி என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர் கண்டுபிடித்தார். முகூர்த்தத்துக்கு முன்னால் ஏணியில் ஏறி அவிழ்த்தவன் நான். திட்டு வாங்கியவனும் நான். நீ அப்போதும் எதற்கோ பின்னால் இருந்தாய்.

சரி, சிரித்தது போதும். பதினாறாம் நாள் காரியம் நெருங்கியபோது வசந்தா ஒரு வார்த்தை சொன்னாள்.

"கண்ண மூடினா கோட்டு வருதுண்ணா. கழுத்து வருது. அதுக்கு மேல யார் யாரோ வர்றாங்க. அவரு மட்டும் வரமாட்டேன்றாரு."

தெருவுக்குத் தெரு உன் உடம்பைப் பார்த்தே வாழ்ந்தவள் அவள். இன்னும் கொஞ்ச நாள் போனால் உன் முகம் அடியோடு போய்விடும் என்று பயந்தாள். ஆதார் அட்டையை நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாருண்ணா இது?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்தால் போலீஸ்காரனே வணக்கம் சொல்லிவிட்டு ஓடுவான். கல்யாண ஆல்பம்? ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது முதலில் அதைத்தான் எடுத்துக்கொண்டு போனது. "அது இன்ஷூரன்ஸ் இல்லாத ஐட்டம் மச்சான்" என்று நீ சிரித்தாய். இப்போது சிரியேன், பார்க்கலாம்.

வழியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். நிலாவில் முதலில் கால் வைத்தவருக்கு அங்கே எடுத்த தெளிவான படம் ஏறக்குறைய இல்லையாமே? கேமரா அவர் கையில் இருந்ததால், கூடப் போனவர்தான் எல்லாவற்றிலும் நிற்கிறாராம். அந்தக் கூடப் போனவர் தலையில் மாட்டிய கண்ணாடிக் கவசத்துக்குள், நிழல் மாதிரி, படம் பிடித்தவர் சின்னதாகத் தெரிகிறாராம். இதை நீ அவளிடம் சோறு போடும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாய். "சோறு ஆறிப் போவுது, நிலாக்காரன் எங்க போவப் போறான்னு திட்டுவேன்" என்றாள். "அதே மாரி இவரையும் தேடலாம்ண்ணா."

கூலிங் கிளாஸ் இல்லாமல் நம் பக்கம் பிறந்தநாள் பேனர் உண்டா? நீ எடுத்த பேனர் படங்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு நான், வசந்தா, பாய் மூவரும் கடையில் உட்கார்ந்தோம். பாய் ஒவ்வொரு கண்ணாடியாகப் பெரிதாக்கினார். ஒன்றில் தென்னை மரம், ஒன்றில் ஆட்டோ. கடைசியில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் மீன்கார ஆயாவின் பேரனை நீ எடுத்த படம். கறுப்புக் கண்ணாடிக்குள் இரண்டு பேர். வெளிச்சத்துக்கு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நான், பல்லெல்லாம் தெரிய. என்னை ஒட்டிக் குனிந்தபடி நீ. உன் முகத்தை அப்படியே கேமரா மறைத்திருந்தது.

"அடச்சே" என்றார் பாய். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உன்னுது சூப்பரா வந்துகீதுபா ஏழுமல. தனியா எடுத்து வெச்சிக்கவா? என்னிக்காச்சும் தேவப்படும்ல."

நான் வாய் திறப்பதற்குள் வசந்தா திரையில் விரலை வைத்தாள். நம் இரண்டு தலைக்கும் நடுவில் ஒரு காது தெரிந்தது, மேல் ஓரத்தில் ஒரு மடிப்பு, கீழே ஒரு மச்சம்.

"இது அவரு காது."

"இன்னாம்மா, உறுதியா?"

"நான் திட்டுறதெல்லாம் இதுலதான் வாங்குவாரு பாய். எனக்குத் தெரியாதா?"

பாய் அந்தக் காதை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டிக் கொடுத்தார். தெரு முனைக்குத் தனி பேனர். அதில் உன் கோட்டு உடம்பு, தலைக்கு அந்தக் கிடங்கிலிருந்து எடுத்த கவசம், தங்க நிறக் கண்ணாடி இறக்கிவிட்டபடி. "உள்ள அவரு கீறாருன்னு நெனச்சிக்கிறேன்" என்றாள் உன் பெண்டாட்டி. நானே கட்டினேன். எதிர் வீட்டு மாமி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏண்டாப்பா, உன் மாப்பிள்ளை ராக்கெட் ஆபீஸ்லயா இருந்தார்? ஒரு வார்த்தை சொல்லவேயில்லையே!" என்றாள். ஆமாம் மாமி, லீவுக்கு வந்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன். பாவம், நம்பிவிட்டாள்.

காது வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வசந்தா காலையும் மாலையும் விளக்கேற்றுகிறாள். போன வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "இப்ப வர்றாருண்ணா" என்றாள். அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு கன்னத்துக்குப் போகிறாளாம், கன்னத்திலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து மீசைக்கு. முழு முகமும் வந்துவிடுகிறதாம். ராத்திரி தூங்குகிறாள். சோறு சாப்பிடுகிறாள். உன்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். நீ போனதற்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட நல்ல சத்தம் அது ஒன்றுதான்.

நேற்று முடி வெட்டப் போனேன். வலது பக்கம் வெட்டி முடித்துவிட்டு, சரியா பாருங்க என்று கடைக்காரர் என் தலையைத் திருப்பிக் கண்ணாடியில் காட்டினார். பார்த்தேன். மேல் ஓரத்தில் அதே மடிப்பு. கீழே அதே மச்சம். மாப்பிள்ளை, அது என் காது.

யாரிடமும் சொல்ல மாட்டேன், உன் மேல் சத்தியம். இதைப் படிக்கிறவர்களும் மயிலாப்பூர்ப் பக்கம் வந்தால் வாயை மூடிக்கொண்டு போகவும். அவள் விளக்கேற்றும்போது நானும் பக்கத்தில் நின்று கும்பிடுவேன். இனிமேல் சாகிற வரைக்கும் காதை மூடும்படி முடி வளர்ப்பேன். நேற்று பாதி வெட்டிலேயே எழுந்து வந்துவிட்டேன். இடது பக்கம் நன்றாக மூடியிருக்கிறது.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
ஏழுமலை