நெருப்புப் படாத தண்ணீர்

இயேசு மரி சூசை

இராயபுரம்
6-1-1975

அன்புள்ள வீட்டுக்காரருக்கு இருதயம்மாள் எழுதிக்கொண்டது.

உங்கள் விசாகப்பட்டினத்து விலாசத்தை ராசையா அண்ணன் துறைமுகத்தில் யாரையோ கேட்டு வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் மகள் ஃப்ளோரன்ஸ் போய் அடுத்த மாதத்தோடு இரண்டு வருஷம். அவளுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அதைக் கேட்க இப்போது எழுதவில்லை. உங்கள் பைப் ரெஞ்சை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு கூட்டம். தொழிற்பள்ளி வாத்தியார் அருள்பிரகாசம் என்பவர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே கறுப்புத் தகடு, அதன்மேல் வளைந்து வளைந்து போகிற கறுப்புக் குழாய், மேலே கண்ணாடி. அதிலிருந்து ஒரு டிரம்முக்கு இரண்டு குழாய். வெயிலே தண்ணீரைச் சுட வைக்குமாம். ஸ்டவ் வேண்டாம், மண்ணெண்ணெய்க்கு கியூவில் நிற்க வேண்டாம். "உங்கள் லைனில் ஒரு வீடு வைத்தால் போதும், மற்ற ஏழு வீடும் தானாக வைக்கும்" என்றார். யார் முதலில் என்று கேட்டார். எல்லோரும் முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். நான் கை தூக்கினேன்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு மீன்காரி நீலா சொல்கிறாள், "இன்னா இருதயம், சூரியனுக்கே வேல வெச்சிட்டியா? அப்டியே மீன் கொழம்பும் வெச்சிக் குடுக்கச் சொல்லு மே!"

சிரித்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து.

அவளை எரித்த அந்த ஸ்டவ்வுக்கு அப்புறம் நம் வீட்டில் ஸ்டவ் இல்லை. கரி அடுப்பில் சோறு மட்டும் பொங்குகிறேன். வெந்நீர் வைப்பதே இல்லை. பச்சைத் தண்ணீரில்தான் குளியல். வெந்நீர் தானாக வருகிறது என்றால் வரட்டுமே என்று தோன்றியது.

இப்படிக்கு,
இருதயம்மாள்

•

இராயபுரம்
2-2-1975

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பதில் வரவில்லை. தொடாதே என்று நீங்கள் எழுதாததால் ரெஞ்சை எடுத்துக்கொண்டேன்.

வாத்தியார் கொடுத்த பெட்டிக்குக் குழாயை நானே முடுக்கினேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெட்டியை முற்றத்துச் சுவரில் தெற்கே பார்த்துச் சாய்த்து வைத்தேன். ஆனால் ஐந்து நாளாகத் தண்ணீர் சுடவில்லை. பெட்டியில் குழாயைத் தொட்டால் கை வெந்துபோகிறது, டிரம்மில் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. வாத்தியார் மாதவரம் பக்கம் காட்டப் போயிருக்கிறார், இந்த மாதம் முடிந்துதான் வருவாராம். லைனில் உள்ளவர்கள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். ஒருத்தி விரலை விட்டுப் பார்த்து, "நல்லா ஜில்லுனு கீது, மோர் கலக்கலாம்" என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். வாத்தியார் போட்ட படத்தில் டிரம் பெட்டிக்கு மேலே இருந்தது. நான் தரையில் வைத்திருக்கிறேன், அரை டிரம்மாக வெட்டி. வெந்நீரைத் தலைக்கு மேலே தூக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. முற்றத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அதனால்தான் சுடவில்லையா? குழாய் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்.

ஒன்பதாம் தேதி அவளுக்குப் பூசை சொல்லியிருக்கிறேன்.

இருதயம்மாள்

•

விசாகப்பட்டினம்
13-2-1975

இருதயம்,

அதனால்தான். சூடான தண்ணீர் மேலேதான் ஏறும், கீழே இறங்காது. டிரம்மின் அடி பெட்டியின் தலைக்கு ஒரு முழமாவது மேலே இருக்க வேண்டும். வெட்டிய டிரம் உதவாது, முழு டிரம் வாங்கு. பெட்டியின் மேல் குழாயை டிரம்மின் மேல் பக்கம் கொடு, கீழ்க் குழாயை அடியில் கொடு. வைக்கோலைச் சுற்றி அதன்மேல் சாக்கு கட்டு. மூடி போடு.

இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு அடி. நான்கு காலையும் ஒரு முழம் தோண்டிச் சிமெண்டில் புதை. நான் சொன்னபடி செய்தால் விழாது. பயப்படாதே.

அந்த ரெஞ்சின் பல் தேய்ந்திருக்கும். பார்த்துப் பிடி.

கஸ்பார்

•

இராயபுரம்
10-3-1975

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

சுடுகிறது! நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதல் நாள் சாயங்காலம் குழாயைத் திறந்ததும் ஆவி வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன், தொட்டுப் பாருங்கள் என்று. தொட்டார்கள். சபாஷ் என்றார்கள். ஆனால் யாரும் குளிக்கவில்லை. நெருப்புப் படாத தண்ணீர் எவ்வளவு சுட்டாலும் பச்சைத் தண்ணீர்தானாம்.

நீலாவின் மகள் மலர்க்கொடிக்குப் பிள்ளை பிறந்தது. நான் வாளியோடு போனேன். நீலா வாசலிலேயே மறித்தாள். "நெருப்பு படாத தண்ணிய புள்ள பெத்த ஒடம்புல ஊத்தினா ஜன்னி வந்துடும். போ மே" என்றாள். திரும்பி வந்தேன். மூன்று நாள் கடையில் மண்ணெண்ணெய் வரவில்லை. விறகும் ஈரம். நான்காம் நாள் அவளே வாளியை எடுத்துக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல், "இன்னா, இன்னும் சுடுதா?" என்றாள்.

மலர்க்கொடி நன்றாக இருக்கிறாள். இப்போது ஐந்து வீட்டுக்காரர்கள் பெட்டி கேட்டு வாத்தியாரிடம் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஸ்டாண்டு கால் எவ்வளவு ஆழம் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். ஒரு முழம், சிமெண்டு என்று சொல்கிறேன்.

நேற்று நான் இறால் கொட்டகையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நின்று கால் மரத்துவிட்டது. நீலா ஒரு பேசின் வெந்நீரோடு வந்தாள். "காலை நீட்டு மே. உன் தண்ணிதான்" என்றாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். அழுதேன். ஏன் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

உங்களுக்கும் தெரியாது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், உங்களிடம் சொல்லவில்லை. அவள் எரிந்த அன்றைக்கு வெந்நீர் உங்கள் குளியலுக்கு இல்லை. இதே மாதிரி மரத்த காலோடு வந்து நான்தான், "ஃப்ளோரா, காலுக்குக் கொஞ்சம் வெந்நி வெச்சிக் குடும்மா" என்று கேட்டேன். தையலை வைத்துவிட்டுப் போய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தாள்.

சவப்பெட்டி முன்னால் அழுதபோது, "அப்பனுக்கு வெந்நி வெக்கப் போயி எரிஞ்சிட்டியேடி" என்று என் வாயில் வந்துவிட்டது. எல்லோரும் கேட்டார்கள். அதுவே நின்றுவிட்டது. நான் மாற்றிச் சொல்லவில்லை. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டே ஊரை விட்டுப் போனீர்கள்.

லைனில் மற்ற ஏழு வீட்டுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டு இதைத் தபாலில் போடுகிறேன். நீலாவிடம் சொல்லியாகிவிட்டது.

இருதயம்மாள்

•

விசாகப்பட்டினம்
18-3-1975

இருதயம்,

அன்றைக்கு எனக்கு இரட்டை ஷிப்டு. காலையில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ராத்திரி வராதவனுக்கு யார் வெந்நீர் வைப்பார்கள்? நீ அழும்போதே எனக்குத் தெரியும்.

உன்னால் அதைச் சுமக்க முடியாது, என் மேல் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒரே வீட்டில் இருந்தால் என்றைக்காவது கோபத்தில் சொல்லிவிடுவேன். அதற்குப் பயந்துதான் வந்தேன். நீயே சொல்லிவிட்டாய்.

பெரிய வியாழனன்று, கோயிலில் பாதம் கழுவுகிற நாளில் வருகிறேன். வண்டி மத்தியானம் வந்துவிடும். ஸ்டாண்டு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற வீடுகளுக்கும் நானே அடித்துத் தருகிறேன், அவசரப்பட்டுத் தோண்ட வேண்டாம் என்று சொல்.

காலையிலேயே டிரம்மை நிரப்பி வை. எனக்குக் குளிக்க ஒரு வாளி போதும். மீதியை யாருக்கும் கொடுத்துவிடாதே. உன் காலுக்கு இருக்கட்டும்.

கஸ்பார்