ஐஸ் வேண்டாம் என்று சொன்ன வாய்

முள் எடுத்து மீனை என் தட்டில் வைத்த என் வீட்டுக்காரருக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவன் மகன் சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான். அவன் தங்கச்சி கபடியில் மாவட்டத்திலேயே முதல். நம் கடைக்குட்டி எழிலரசிக்கு, கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பெண்பிள்ளை. ஒன்பது மாசம், நாலு பல். உங்களைப் போலவே ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பார்க்கிறாள்.

போன வாரம் அவளுக்குப் பேர் வைத்தோம். உங்கள் தங்கச்சி காசியம்மாள் திண்டிவனத்திலிருந்து வந்தாள். பிள்ளையின் கன்னத்தை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணி, ஐஸ் பொட்டி புள்ளன்னாங்க, சூடாத்தான் கீது!" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். நான் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த விரலைக் கடித்துவிடலாமா என்று வந்தது. சீ, இதெல்லாம் ஒரு பேச்சா?

ஆனால் அவளைவிட அருவருப்பாக இருப்பது என் வாய்தான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

மூன்று வருஷத்துக்கு முன்னால், விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. எழிலிடமிருந்து முட்டை எடுத்து, மருமகனுடையதோடு சேர்த்து, மூன்று கரு வளர்த்திருந்தார்கள். போட்ட ஊசியில் அவள் வயிறு உப்பிப் போயிருந்தது. "இப்ப வெச்சா ஆபத்தும்மா. மூணையும் உறைய வெச்சிடலாம். உடம்பு தேறினதும் வெக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

நான் யார்? திண்டிவனம் மார்க்கெட்டில் முப்பது வருஷம் 'ஐஸ் படாத மீனு' என்று கூவி விற்றவள். அந்தத் திமிரோடு எழுந்து நின்றேன்.

"ஐஸ்ல வெச்ச மீன எங்க குப்பத்துல நாயிதான் துன்னும். என் பொண்ணு வயித்துக்கு அதுவா? இன்னிக்கே வையிங்க."

"செத்த மீனத்தாம்மா நீங்க ஐஸ்ல போடுவீங்க. இது உயிரோட இருக்கு."

நான் கேட்கவில்லை. எழில் என் முகத்தைப் பார்த்தாள்; எப்போதும்போலத் தலையாட்டினாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் வைத்தார்கள். மற்ற இரண்டையும் உறைய வைத்தார்கள்.

கரு பிடித்தது. உடனே வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, எழில் ஐசியூவில் கிடந்தாள். கரு தங்கவில்லை. அப்போது சொந்தக்காரர்களிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ உடம்பு வாகு அப்டி." தூ! எழில் இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். டாக்டரம்மாவோடு நான் போட்ட சண்டையை மார்க்கெட்டில் வேடிக்கைக் கதையாக வேறு சொல்லிச் சிரித்தேன். காசியம்மாளுக்கு அந்தப் பேச்சு வேறு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

மறு வருஷம் என்னைக் கூப்பிடாமலே எழிலும் மருமகனும் போனார்கள். உறைந்திருந்த இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு வந்தாள். அதுதான் நம் பேத்தி.

இன்னும் ஒன்று அங்கே இருக்கிறது. வைத்திருக்கவா, விட்டுவிடவா என்று கேட்டு இப்போது ஆஸ்பத்திரிக் கடிதம் வந்திருக்கிறது. "வுட்றலாம்மா. என் ஒடம்பு எப்டியோ. பொறந்தாலும் அதையும் ஐஸ் புள்ளன்னுதான சொல்லுவாங்க" என்கிறாள் எழில். அவளுக்கு உள்ளூர ஆசை இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

நான் சொன்ன பொய்யால் அவள் அதை விடக்கூடாது, இல்லையா?

நாளைக் காலையில் இதை அவளிடம் படித்துக் காட்டுவேன். "உன் ஒடம்புல குத்தமில்ல எழிலு, என் வாயிதான்" என்று சொல்வேன். பிறகு வேண்டுமா வேண்டாமா என்பது அவள் முடிவு. வேண்டும் என்றால், டாக்டரம்மா அறைக்கு வெளியே பேத்தியோடு உட்கார்ந்திருப்பேன். உள்ளே நுழைய மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

எழில் சம்மதித்தால், உங்கள் நினைவு நாளில் இதைப் பெரியவன் ஃபேஸ்புக்கில் போடட்டும். காசியம்மாளும் பார்க்கட்டும். பெரியவனே, பேர் வைத்த அன்று எடுத்த போட்டோ வேண்டாம். அதில் அந்த விரல் இருக்கிறது. பிள்ளை அவள் அம்மா மடியில் இருக்கிற மாதிரி புதுசாக ஒன்று எடுத்துப் போடுப்பா.

உங்கள் சம்சாரம்,
எழிலின் அம்மா, மூன்று பேரப்பிள்ளைகளுக்கு ஆயா