நினைவுப் பலகையில் கொன்ராட் லைட்னரின் பெயரைச் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
ரோஸலிண்ட் ஸ்கெல்ஹார்ன் (வயது 67),
4, தோல்பதனிடுவோர் சந்து,
வெண்டில்புரூக்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
நினைவுப் பலகைக் குழு,
நகர மன்றம்,
வெண்டில்புரூக்.

பொருள்: ஸ்கெல்ஹார்ன் பீர் ஆலையின் இருநூறாம் ஆண்டுப் பலகையில் உள்ள ஒரு வாசகம் பொய் என்பதால் அதை நீக்கவும், விடுபட்ட ஒருவரின் பெயரைச் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என் முதல் மனுவை நிராகரித்துத் தங்கள் குழு மார்ச் 6 அன்று அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஆலையை நடத்தும் குடும்பத்தில் பிறந்தவள். 1986 முதல் 2016 வரை, முப்பது ஆண்டுகள், அங்கே பீர் காய்ச்சும் தலைமைப் பொறுப்பில் இருந்தேன். ஆகவே வெளியார் ஒருவர் எங்கள் குடும்பத்தின் மீது சேறு பூச எழுதும் மனுவாக இதைக் கருத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. வரும் ஜூன் 17 அன்று ஆலையின் முன்சுவரில் மாட்டப்படவுள்ள பலகையில், "1823 முதல் இன்றுவரை ஸ்கெல்ஹார்ன் குடும்பத்தாரின் கைகளே இங்கு பீர் காய்ச்சி வருகின்றன" என்று ஒரு வாசகம் இடம்பெறுவதாக அறிகிறேன். இது உண்மையல்ல. எங்கள் முன்னோர் பார்லி வாங்கினார்கள், பப்பு எனப்படும் மதுக்கடைகளை வாங்கினார்கள், தேவாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தார்கள். பீர் காய்ச்ச ஆள் வைத்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தத் தொழிலைக் கற்று, தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவிய முதல் ஆள் நான்தான். வாசகம் வெறும் பெருமைப் பேச்சாக இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இதே வாசகம் முன்பு ஒருமுறை சொல்லப்பட்டு, அதனால் ஒரு மனிதர் முள்வேலிக்குள் போனார். அதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவதே இம்மனுவின் நோக்கம்.

3. 1905 தொடங்கி மூன்று கோடைகள் எங்கள் பீர் புளித்தது. பப்புகளிலிருந்து பீப்பாய்கள் வண்டி வண்டியாகத் திரும்பி வந்தன. அப்போது ஆலையை நடத்தியவர் என் கொள்ளுத்தாத்தா எட்மண்ட். அவர் 1908-ல் கொன்ராட் லைட்னர் என்பவரைப் பீர் காய்ச்சும் தலைமைப் பொறுப்பில் அமர்த்தினார். லைட்னர் பவேரியாவில் பிறந்து, இங்கிலாந்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்து, இவ்வூர்ப் பெண்ணான ஆன்னி டெபட்டைத் திருமணம் செய்தவர். அவர் வந்த முதல் வாரம் பீரைத் தொடவே இல்லை; தொட்டிகளின் அடிப்பலகைகளைக் கழற்றி முற்றத்தில் பரப்பினார். இடுக்குகளில் பல ஆண்டுக் கசடு இருந்தது. பிறகு பீரை நொதிக்க வைக்கும் பழைய ஈஸ்ட் முழுவதையும் ஆற்றில் கொட்டச் செய்து, நாற்பது மைல் தள்ளியிருந்த இன்னொரு ஆலையிலிருந்து புதிய ஈஸ்டைப் பால்கேனில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தக் கோடை பீர் புளிக்கவில்லை. நான் முப்பது ஆண்டுகள் பயன்படுத்தியதும், என் தம்பி இன்று பயன்படுத்துவதும் அந்தக் கேனில் வந்த ஈஸ்டின் வழியில் வந்ததே. ஆலைப் பதிவேட்டில் ஏழு ஆண்டுகளுக்கு ஒவ்வொரு நாளும் "கொ. லை." என்ற கையொப்பம் இருந்தது. இருந்தது என்று ஏன் எழுதுகிறேன் என்றால், இப்போது அந்த இடங்களில் பேனாக்கத்தியால் வெட்டிய சிறு சதுர ஓட்டைகள்தான் உள்ளன.

4. முதல் உலகப் போரின் நடுவே, 1915 மே மாதம், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று பயணிகள் கப்பலை மூழ்கடித்த செய்தி வந்தது. நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை பிற்பகல், நம் கடைத்தெருவிலிருந்து ஒரு கூட்டம் லைட்னர் வீட்டுக்குச் சென்றது. அப்போது ஒன்பது வயதாக இருந்த அவர் மகள் எல்ஸி, பின்னாளில் என்னிடம் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்:

"எங்கம்மா கத்தல, அழல. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தனையா பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. 'வில்ஃப்ரெட், நீ பொறந்தப்ப உங்கம்மாவுக்குப் பிரசவம் பாத்தது எங்கம்மா. கல்லக் கீழ போடு'ன்னாங்க. அவன் போட்டுட்டான். பக்கத்துல நின்னவன் எறிஞ்சான்."

வீட்டின் முன்பக்கக் கண்ணாடி ஒன்றும் மிஞ்சவில்லை. ஆன்னி ஜெர்மானியரை மணந்ததால் அன்றைய சட்டப்படி அவரும் ஜெர்மானியரே. பிறந்து வளர்ந்த ஊரின் காவல் நிலையத்துக்கு வாரந்தோறும் சென்று அந்நியராகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. அங்கே பதிவேட்டுடன் அமர்ந்திருந்த காவலர் அவருடன் ஒரே வகுப்பில் படித்தவர். "ஆன்னி, உன் பேரு எனக்குத் தெரியும். ஆனா நீயே சொல்லணுமாம். தப்பா நெனைக்காதே" என்பாராம் ஒவ்வொரு வாரமும்.

5. லைட்னரை எதிரி நாட்டவருக்கான முகாமில் அடைக்க உத்தரவு வந்தது. விலக்குக் கோரி அவர் விண்ணப்பித்தார். விசாரணைக் குழு முதலாளியிடம் கேட்டது ஒரே கேள்வி: இவர் தொழிலுக்குத் தேவையா? எட்மண்ட் ஸ்கெல்ஹார்ன் எழுத்தில் தந்த பதிலின் நகல் ஆவணக் காப்பகத்தில் உள்ளது (இணைப்பு 1). அது வருமாறு: "எங்கள் ஆலையில் பீர் காய்ச்சுவது என் குடும்பத்தாரின் கைகளே. இந்நபர் இல்லாமலேயே வேலை நடக்கும்."

ஐயா, இதைத் தங்கள் பலகை வாசகத்தின் அருகில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

எட்மண்ட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மானியன் காய்ச்சிய பீரைக் குடிக்க மாட்டோம் என்று மூன்று பப்புகளின் சுவர்களில் எழுதியிருந்தார்கள். அவர் பயந்தார். பயந்தவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலே லைட்னருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்பதுதான் என் வருத்தம்.

6. லைட்னர் மேன் தீவு முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஆலைக்குச் சொந்தமான வீட்டிலிருந்து ஆன்னியும் எல்ஸியும் வெளியேற்றப்பட்டனர். மறு கோடை, 1916-ல், பீர் மீண்டும் புளித்தது. அப்போது என் கொள்ளுத்தாத்தா செய்ததை எழுத என் கை கூசுகிறது. அவர் முகாமுக்குக் கடிதம் எழுதி, முன்பு செய்த வைத்தியம் என்ன என்று கேட்டார்.

லைட்னர் பதில் எழுதினார். மூலக் கடிதம் கடந்த அக்டோபரில் விழாவுக்காகப் பழைய காகிதங்களைத் தேடியபோது என் தந்தையின் மேசையில் கிடைத்தது (இணைப்பு 2). முகாம் விதிப்படி கைதிகள் ஒரு தாளில் இருபத்துநான்கு வரிகளுக்கு மேல் எழுதக்கூடாது. முதல் இருபத்திரண்டு வரிகள் எங்கள் பீரைப் பற்றியவை: எந்தத் தொட்டியை முதலில் பார்க்க வேண்டும், எத்தனை முறை கொதிநீர் விட வேண்டும், அடிப்பலகையை எந்தப் பக்கமிருந்து கழற்றினால் உடையாது. மனத்தாங்கலாக ஒரு சொல்கூட இல்லை. கடைசி இரண்டு வரிகள் இவை: "என் மனைவிக்கு நெஞ்சில் சளி என்று கேள்விப்பட்டேன். ஆலையிலிருந்து யாராவது போய்ப் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதினால் நன்றியுடையவனாவேன்."

பீர் சரியாயிற்று. எட்மண்ட் அனுப்பிய நன்றிக் கடிதத்தின் நகலும் அதே மேசையில் இருந்தது. அதில் தொட்டிகளைப் பற்றி மட்டுமே உள்ளது. யாரும் ஆன்னியைப் போய்ப் பார்க்கவில்லை. 1917 ஜனவரியில் அவர் இறந்தார். எல்ஸியைச் சித்தி எடுத்து வளர்த்தார். லைட்னரைப் போர் முடிந்ததும் முகாமிலிருந்தே கப்பலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவியின் கல்லறையைப் பார்க்க இவ்வூருக்கு வர அனுமதி கிடைக்கவில்லை. ஆன்னி இறந்த ஆண்டின் கோடையில் ஆலை லைட்னருக்கு மேலும் ஒரு கேள்வி எழுதியிருக்கிறது. அதற்குப் பதில் வந்ததாகக் காகிதம் ஏதும் இல்லை.

7. என் பங்குக் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1986-ல் நான் தலைமைப் பொறுப்பேற்றபோது, ஆறாம் தலைமுறைக் கை என்று உள்ளூர்ப் பத்திரிகை படத்துடன் எழுதியது. மறுநாள் எண்பது வயது எல்ஸி அந்தப் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆலைக்கு வந்தார்.

"ஏம்மா, ஆறு தலைமுறையா உங்க வீட்டுக் கைதான் காய்ச்சுதுன்னு போட்டிருக்கே. அப்ப எங்கப்பா இங்க ஏழு வருஷம் என்ன பண்ணாரு, மாடு மேய்ச்சாரா?"

நான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை அன்றுதான் கேட்டேன். பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் தந்தை வேண்டாம் என்றார், நான் அனுப்பவில்லை. எல்ஸி ஐந்து ஆண்டுகள் கழித்துக் காலமானார். அதுவரை ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தாராம். இதை அவர் மகன் கிளைவ் பரேஜ் என்னிடம் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

8. என் முதல் மனுவைத் தங்கள் குழு நிராகரித்ததற்குக் கூறிய காரணம் ஒன்றே: ஆலை நிர்வாகத்தின் சம்மதம் இல்லை. நிர்வாகத் தலைவர் என் தம்பி டங்கன். அவர் சம்மதிக்கவில்லை என்பது அப்போது உண்மை. "அக்கா, நூறு வருஷம் ஆச்சு. விழா நேரத்துல போய் நம்ம வீட்டு அழுக்க நாமளே தெருவுல காயப்போடணுமா?" என்றார். பிறகு, அயல்நாட்டு நிபுணர் ஒருவரின் உதவியுடன் என்று பெயரில்லாமல் ஒரு வரி சேர்க்கலாம் என்று சமரசம் பேசினார். பெயர் இல்லாத வரியை நான் ஏற்கவில்லை. பெயரை வெட்டி எடுத்த வேலை ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டது.

கடந்த வியாழக்கிழமை மறுபடியும் மனுச் செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் என் வீட்டுக்கு வந்தார். நான் வாதாடவில்லை, லைட்னரின் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே படித்தார். முதல் பாதியில், "இதத்தானே நாம இப்பவும் செய்யறோம்" என்று முணுமுணுத்தார். முடித்ததும் கடிதத்தை என்னிடமே திருப்பித் தந்தார்.

"யாராவது போய்ப் பாத்தாங்களா?"

"இல்ல."

மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் நிறுவனத் தாளில் சம்மதக் கடிதம் கொண்டுவந்து கொடுத்தார் (இணைப்பு 3). "எனக்கு இது பிடிக்கலக்கா. மாமா, சித்தப்பா எல்லாரும் என்னத் திட்டப்போறாங்க. ஆனா தெரிஞ்சப்புறம் எப்படிக் கையெழுத்துப் போடாம இருக்கறது?" என்றார். ஆகவே தங்கள் குழு கூறிய ஒரே தடையும் இப்போது இல்லை.

9. எனவே நான் கோருவது:

(அ) குடும்பத்தாரின் கைகளே என்ற வாசகத்தை முழுவதுமாக நீக்க வேண்டும். மென்மையாக்கினால் போதாது.

(ஆ) அவ்விடத்தில், "1908 முதல் 1915 வரை இங்கு பீர் காய்ச்சும் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கொன்ராட் லைட்னர். இன்றும் பயன்படும் ஈஸ்ட் அவர் கொண்டுவந்தது. போர்க்காலத்தில் இவ்வூர் அவரையும் அவர் மனைவி ஆன்னியையும் கைவிட்டது" என்று பொறிக்க வேண்டும். கடைசி வாக்கியம் ஊருக்குச் சங்கடம் தரும் என்று குழுவில் யாராவது சொன்னால், சங்கடம் தருவதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

(இ) பலகையைத் திறந்துவைக்கத் திரு. கிளைவ் பரேஜை அழைக்க வேண்டும். அவரைக் கேட்டுவிட்டேன். "கோட்டு சூட்டெல்லாம் போடச் சொல்லாதீங்க, வர்றேன்" என்றார்.

10. பலகை இன்னும் வார்ப்படத்துக்குப் போகவில்லை என்று அறிகிறேன். இன்றைய நிலையில் வாசகத்தைத் திருத்த ஒரு பென்சில் போதும். ஜூன் 17-க்குப் பிறகு உளி தேவைப்படும். உளியைக் கையாளும் நிலைக்கு இந்த வயதில் என்னைக் கொண்டுவிட வேண்டாம் என்று மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கொண்டுவிட்டால் தயங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ரோஸலிண்ட் ஸ்கெல்ஹார்ன்
(ஒப்பம்)

இடம்: வெண்டில்புரூக்
நாள்: 24 ஏப்ரல் 2023

இணைப்புகள்:
1. விசாரணைக் குழுவுக்கு எட்மண்ட் ஸ்கெல்ஹார்ன் அளித்த பதில், 1915 – நகல்.
2. கொன்ராட் லைட்னரின் கடிதம், 1916 – நகல். மூலம் என்னிடம் உள்ளது. கேட்டால் நேரில் காட்டுவேன், ஒப்படைக்க மாட்டேன்.
3. நிர்வாகத் தலைவரின் சம்மதக் கடிதம்.