ரத்தம் பொய் சொல்லாதாம்

8 பிப்ரவரி 2025
அரிக்கொம்பன் யானை கம்பத்துத் தெருவுக்குள் ஓடி, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததே, அந்த வருசம்தான் என் வீட்டுக்காரி ஜன்னத்துல் பிர்தௌஸின் நோய்க்குப் பேர் தெரிந்தது. கோதுமை ஆகாத குடலாம். அதுவரை வயிற்றுப்போக்கு, ரத்தசோகை என்று எத்தனை ஆஸ்பத்திரி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. மகன் ஆரிப் பழக்கிவிட்டான்.

இன்று தேனியில் அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். கோதுமையை விட்டிருந்தால் ரத்தத்தில் அவர்கள் பார்க்கும் எண் இறங்குமாம். தின்றால் ஏறும்.

11 பிப்ரவரி
ஏறியிருக்கிறது.

"தெரியாமக்கூட உள்ள போயிருக்கலாம், வீட்டுல நல்லாப் பாருங்க" என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாக. பஸ்ஸில் ஆரிப் ஆரம்பித்தான்.

"எங்கனம்மா தின்ன? புரோட்டாவா, ரஸ்க்கா?"

"குர்ஆன்ல கை வச்சுச் சொல்லவா?"

"ரத்தம் பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் சொல்றேனா?"

உத்தமபாளையம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

31 மார்ச்
பெருநாள். எல்லாருக்கும் சேமியாப் பாயசம் காய்ச்சியவள் அவள்தான். சேமியாவும் கோதுமைதானே, சீனி போதுமா என்று என்னைத்தான் ருசி பார்க்கச் சொன்னாள். பெரியகுளத்திலிருந்து அவள் தம்பி ஷானவாஸ் வந்திருந்தான், அக்கா பாஜிலாவும் வந்திருந்தாள். ஷானவாஸ் சட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தான்.

"எங்க அக்கா நாக்கு அம்புட்டுத் தூரம் எட்டாது மச்சான்."

"ஏணி இருக்குல்ல வீட்டுல?" என்றாள் பாஜிலா.

எல்லாரும் சிரித்தோம். ஜன்னத் அடுப்படிக்குப் போனவள், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

2 மே
தம்பி, அக்கா யார் போன் வந்தாலும் எடுப்பதில்லை. சோற்றையும் குறைத்துவிட்டாள். வயிறு உப்பிக்கொள்கிறது. மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்தால் கொஞ்சம் கேட்கிறதாம். முன்பெல்லாம் ஒரு வேளை, இப்போது மூன்று வேளையும் அதுதான்.

14 ஆகஸ்ட்
மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இன்னும் ஏறியிருக்கிறது. ஆரிப் அம்மாவிடம் பேசவில்லை.

"நீங்களாவது நம்புறீகளா?" என்று கேட்டாள்.

நம்புகிறேன் என்றேன். ஆனால் சொல்லக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

19 செப்டம்பர்
உடம்பில் ஒன்றுமில்லை, எலும்புதான். சளி கட்டி நாலு நாள் காய்ச்சல். விடியக்காலை சுபுஹு பாங்குக்கு முன்னால் ஜன்னத் மௌத்தாகிவிட்டாள்.

12 நவம்பர்
ஆரிப்புக்கும் அதே நோய். பெற்ற பிள்ளைக்கும் பார்க்கணும் என்று டாக்டரம்மா சொல்லி, ரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து உறுதியாகிவிட்டது. என்ன சாப்பிடலாம் என்று சொல்லித்தரும் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"பெருங்காயம் சேர்ப்பீங்களா?"

"அது மருந்துதானம்மா" என்றேன் நான்.

"கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்கும் ஐயா. டப்பாவை வாசிச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் ஆரிப் டப்பாவை வாசலுக்குக் கொண்டுபோய் வாசித்தான். மறுபடி ஒருதரம் வாசித்தான்.

"போட்டிருக்கு அத்தா."

நோகுதுன்னு குடிச்சா. குடிச்சா, நொந்துச்சு. யா அல்லாஹ், கேட்குதுன்னுல்ல சொன்னா. அரிசி, மாவு, மிக்சர் பாக்கெட் வரைக்கும் வாசிச்ச பய, பெருங்காயத்தை யாரு வாசிப்பா?

15 நவம்பர்
ஆரிப் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவின் கபரடிக்குப் போய்விட்டு வந்தான். அங்கே என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை என்று அவள் பிறந்த வீட்டில் சொல்ல வேண்டும். போனில் சொல்கிற சங்கதி இல்லை. பாஜிலாவும் போன மாசம் மௌத்தாகிவிட்டாள். தங்கச்சி களவாய்த் தின்றே செத்தாள் என்ற நினைப்போடுதான் போயிருப்பாள். பெரியகுளம் பஸ்ஸுக்கு நிற்கிறேன். அவள் கூடப் பிறந்ததில் இனி உயிரோடு இருப்பது ஷானவாஸ் ஒருவன்தான்.