நம்பர் பிளேட்டில் ஏறிய மாதா

அன்பு மகள் மரிசேலாவுக்கு, ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், எலுமிச்சை மரமும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அலாஸ்கா குளிரில் நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், கம்பளிக் காலுறை போடாமல் திரிந்து அதை வீணாக்கிவிடாதே.

இங்கே உன் அப்பா கோர்ட் ஏறிவிட்டார், பயப்படாதே, சங்கதி சின்னது. பிக்கப் வண்டியின் பின் நம்பர் பிளேட்டில் இந்த வருடத்துக்குப் பணம் கட்டியதைக் காட்டும் பதிவு ஸ்டிக்கர் இல்லை என்று சல்தானா என்ற போலீஸ்காரர் அபராதச் சீட்டு கிழித்துவிட்டார். புதிதாக ஒன்று வாங்கி ஒட்டிக் காட்டினால் தீர்ந்தது என்று நான் சொன்னதற்கு, "ஏ கிழவி, என் கையால ஒட்டினேன்னு சொல்றேன், ஒட்டவே இல்லைன்னு எழுதியிருக்கான், அப்ப நான் பொய்யனா? எவனோ உரிச்சிட்டுப் போயிருக்கான்" என்று குதித்தார். சரி என்று பதிவு ரசீதோடு நானும் போனேன். நீதிபதி ஒரு பெண்மணி, ரசீதைப் பார்த்துவிட்டு, "கட்டினது சரிம்மா, வண்டியில ஒட்டினது எங்கே?" என்றார். உடனே போலீஸ்காரர் எடுத்த படத்தைக் காட்டினார்கள். பார்த்தால், ஸ்டிக்கர் இருக்க வேண்டிய மூலையில் பச்சை முக்காட்டோடு நம் குவாதலூப்பே மாதா நிற்கிறாள்! உன்னை விமான நிலையத்துக்குக் கொண்டுவிடும் முன், உன் பயணத்துக்காக நான் மந்திரித்து வாங்கிய ஒட்டுப்படம். பின்னால் வருகிறவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள் என்று கொடுத்தேன், மனிதர் அப்படியே செய்து, அப்படியே மறந்தும் போயிருக்கிறார்.

அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தீரா என்று நீதிபதி கேட்டால் சல்தானா, "மாதா மேல எப்படிங்க நகம் வைக்கிறது? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சோறு போடமாட்டாங்க" என்கிறார். வெளியே போய் உரித்துப் பாருங்கள் என்றார் நீதிபதி. வண்டியைச் சுற்றி நின்றோம், இரண்டு ஆண்பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டார்கள். "நீயே எடு கிழவி, அவகூட தினம் பேசறவ நீதானே" என்கிறார் உன் அப்பா. மகளே, உன் பேருக்கு வைத்ததைக் கிழிக்கப்போகிறேன், கிழித்தும் அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் இவரும் பொய்யராவார். சிலுவை போட்டுக்கொண்டு ஓரத்தைத் தூக்கினேன், அடியில் வருட எண் புத்தம் புதிதாகச் சிரித்தது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்தீங்களா, திருடன் இல்லாத ஊரு நம்ம ஊரு" என்றார். வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

உரிக்கும்போது மாதாவின் காலடிப் பிறை மட்டும் பிளேட்டிலேயே ஒட்டிக்கொண்டது, எண் தெரிகிறது, இருக்கட்டும் என்றுவிட்டார் சல்தானா. மற்றபடி முழுதாய் இருக்கும் அவளை இதனுடன் வைத்திருக்கிறேன், எங்கும் ஒட்டாமல் உன் பர்ஸில் வை. பனிச்சாலையில் மெதுவாக ஓட்டு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, அவள் துணை உன்னை விட்டு நீங்காதிருக்கட்டும். பிறை எங்கே என்று யாராவது கேட்டால், அப்பா ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்.

முத்தங்களுடன்,
உன் அம்மா எவுலாலியா